ஐந்து பேர் ஏறினால்தான் கிளம்பும்

குற்றாலத்தில் தண்ணீர் விழாத சீசனைக்கூடப் பார்த்துவிடலாம். ஃபுல்டீம் அண்ணாச்சி ஒரு சீட்டைக் காலியாக விட்டுப் படம் எடுத்ததை எந்தக் கொம்பனும் பார்த்திருக்க முடியாது.

அருவிக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு போட்டோ கடை. எல்லார் கையிலும் போன் இருக்கிற காலத்தில் அங்கே ஆள் வந்ததே, வாசலில் நின்ற பறக்கும் ஊர்திக்காகத்தான். சின்ன வயதில் படித்த ஏதோ காமிக்ஸில் ஐந்து சூப்பர் ஹீரோக்கள் ஏறிப் பறக்கிற வண்டி. அதை அப்படியே பிளைவுட்டில் அறுத்து, நீலப் பெயின்ட் அடித்து, ஐந்து ஜன்னல் வெட்டி வைத்திருந்தார். பின்னால் நின்று முகத்தை நீட்டினால் ஆகாயத்தில் பறக்கிற மாதிரிப் படம் கிடைக்கும்.

காமிக்ஸில் ஐந்து பேரும் ஏறாமல் அது கிளம்பாதாம். அதனால் இங்கேயும் கிளம்பாது. புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தால்கூட, ரோட்டிலிருந்து மூன்று பேரை இழுத்து வருவார். பக்கத்தில் சிப்ஸ் கடை போட்டிருந்த நான்தான் முதல் பலி. "ஏலே, கரண்டிய வச்சிட்டு வா, வண்டி நிக்குது" என்பார். முன்பின் தெரியாத எத்தனையோ பேருடைய ஆல்பத்தில் எண்ணெய் வழிய இளித்துக்கொண்டிருக்கிறேன். "இவன் யாரு?" என்று எத்தனை வீட்டில் சண்டை வந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

ஒரு ஆடியில் கடையநல்லூரிலிருந்து ஒரு அக்கா வந்தார். கூட மாமியார், இரண்டு பிள்ளைகள். வழக்கம்போல நான் போய் ஐந்தாவது ஜன்னலில் முகத்தை நீட்டினேன். சின்னப் பெண் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தது.

"அது எங்க வாப்பா சீட்டு."

வாப்பாவுக்குக் குவைத்தில் கட்டட வேலை. இந்தத் தடவையும் லீவு கிடைக்கவில்லை, நாலு பேரே போதும் என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். இதற்காவது மனுசன் இறங்கி வருவார் என்று நினைத்தேன். அவரா?

"நாலு பேரோட கெளம்பாது தங்கச்சி. மாப்ளைக்கு வீடியோ காலப் போடு."

போட்டார். டவர் கிடைக்காமல் படம் உறைந்து நின்றது. அங்கே அவருக்குச் சாப்பாட்டு வேளை முடியப்போகிறது. முடிந்துவிட்டால் போனைத் தொட முடியாது. பிள்ளையின் உதடு பிதுங்கிவிட்டது.

அண்ணாச்சி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஊர்தியைக் கட்டியிருந்த கம்பியை வெட்டினார். மூக்கை அவர் தூக்கினார், வாலை நான் தூக்கினேன். பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஒரே ஓட்டம். பின்னால் குடும்பமே ஓடி வந்தது. ஈரத்துண்டோடு நடந்த கூட்டம் அலறி வழிவிட்டது. எங்கே கொண்டுபோகிறீர் என்று மறித்த போலீஸ்காரரிடம், "குவைத்துக்கு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஓடினார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டவர் கிடைத்தது. ஐந்தாவது ஜன்னலில் போனை ரப்பர் பேண்டு போட்டு மாட்டினோம். தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு வாப்பா தெரிந்தார். விஷயம் புரிந்ததும் கூச்சப்பட்டு அதைக் கழற்றப் போனார்.

"கழட்டிராதீங்க மாப்ளே. இத்தன வருசத்துல ஹெல்மெட்டோட வந்த பைலட்டு நீங்க ஓராள்தான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஐந்து பேரும் சிரித்தபோது கேமராவில் படம் விழுந்தது. அடுத்த நிமிடம் அங்கே யாரோ கூப்பிட, போன் இருண்டது.

திரும்பி வருகிற வழியெல்லாம் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் அந்த மனுசன் இன்னொரு தடவை "தூக்குலே" என்று சொல்லியிருந்தால், நிஜமாகவே குவைத் வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.