அலுமாரிக் கதவில் ஒரு சுண்ணாம்பு விரல்

அளவெட்டி,
1934 ஆனி.

அன்புமிக்க பெறாமகன் தில்லைநாதனுக்குப் பெரியப்பன் ஏரம்பு எழுதிக்கொள்வது. இங்கே மாடு கன்று உட்பட யாவரும் சுகம். என் மகள் அருந்ததி மட்டும் என்னோடு கதைப்பதில்லை. கொழும்புப் பொலிஸ் கந்தோரில் கள்ளரின் கைரேகைகளோடு காலந்தள்ளும் உன் சுகத்தை அறிய ஆவல்.

விஷயம் இதுதான். சென்ற வெள்ளிக்கிழமை அருந்ததியின் கல்யாணத்துக்கு நாள் வைக்க, வட்டுக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் நமசிவாயச் சட்டம்பியாரும் உறவினரும் வந்தார்கள். சாப்பாடு, வெற்றிலை, சிரிப்பு, ஒன்றுக்கும் குறைவில்லை. அவர்கள் வண்டியேறிப் போனபின் பார்த்தால், மாப்பிள்ளை பால் குடிக்கவென்று அலுமாரி முன்தட்டில் வைத்திருந்த வெள்ளி மூக்குப்பேணியைக் காணவில்லை. கதவிலோ பளிச்சென்று ஒரு பெருவிரல் அடையாளம், சுண்ணாம்பில்! வெற்றிலை போட்டவன் மிச்சச் சுண்ணாம்பைக் கண்ட இடத்தில் தடவுவது நம்மவர் வழக்கமல்லவா? உன் பெரியம்மா ஈரத்துணியோடு ஓடிவந்தாள். "தொடாதை, அது சாட்சி!" என்று குறுக்கே பாய்ந்தேன்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். முன்பு பிரான்சு தேசத்தில் குற்றவாளியின் காதையும் தலையையும் அளந்து ஆளைப் பிடித்தார்களாம். பிறகு கல்கத்தாவில் ரேகைக்கென்றே ஒரு கந்தோர் திறந்து, அந்த வித்தை சீமைவரை போனதாம். பத்திரிகையில் படித்தேன். சம்பந்தி வீட்டாரின் காதுகளை அளக்க எனக்கும் ஆசைதான், பெரியம்மா அளவுநாடாவை ஒளித்துவிட்டாள். ஆகவே மைப்பெட்டியோடு வட்டுக்கோட்டைக்கே போனேன். சந்தேகம் என்று வாய் திறக்கவில்லை. "சும்மா ஒரு ஞாபகத்துக்கு, பெருவிரலை இதிலை ஒருக்கா வையுங்கோ" என்றுதான் கேட்டேன். சட்டம்பியார் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "ஏரம்பர், ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் எழுத்துப் படிப்பிச்ச என்னைக் கைநாட்டு எண்டே நினைச்சனீங்கள்?" கள்ளன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திராது. அவருடைய தமையனோ, விரலை வைத்தால் காணியை என் பெயருக்கு எழுதி எடுத்துவிடுவேன் என்று பயந்து கிணற்றடிப் பக்கம் ஓடிவிட்டார். கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. "பேணி போனால் போகட்டும் அப்பா, சம்பந்தத்தை ஏன் கலைச்சனீங்கள்?" என்று அருந்ததி அழுதாள். எனக்கும் நெஞ்சு பொறுக்கவில்லைத்தான். ஆனால் நீதி என்று ஒன்று இருக்கிறதே!

கதவைக் கழற்றி, வைக்கோல் சுற்றி, சாக்கில் தைத்து நேற்றுச் சாமான் வண்டியில் ஏற்றிவிட்டேன். விரலின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது, கவனி. பாக்கு வெட்டவும் தெரியாத மடையன்! அப்படிப்பட்டவனோடு சம்பந்தம் செய்யாமல் தப்பினேன். கதவை உன் மேலதிகாரிக்கே காட்டு, என் வணக்கத்தையும் சொல்லு. பிள்ளையார் உனக்கு நோய்நொடி இல்லாத உடம்பையும் உத்தியோக உயர்வையும் தருவாராக.

இப்படிக்கு,
பெரியப்பன் ஏரம்பு

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் ஒரு சங்கதி. கதவில்லாத அலுமாரியைப் பெரியம்மா தட்டித் துடைத்தபோது, அவளுடைய கூறைச் சேலைக்குள் சுற்றியபடி பேணி இருந்தது. "வந்தவையின்ரை கண் படும் எண்டு உப்பிடி ஒளிக்க, உங்களை விட்டா இந்த வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்று என் பெருவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். போன மாதம் பாக்குவெட்டி பட்ட தழும்பு குறுக்கேதான் இருக்கிறது. ஒளித்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. உடனே சட்டம்பியாரிடம் போய் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து வேண்டாமாம், சபையறியப் பெருவிரலை வைக்க வேண்டுமாம். வைத்துவிட்டேன். ஆவணியில் கல்யாணம். அருந்ததி கதைக்கிறாள். கதவு வந்திறங்கியதும் ஒருவருக்கும் காட்டாதே. ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிடு.