சேவல் ஏலமும் குடை பிடித்த அக்காவும்

மார்த்தாண்டம்,
நவம்பர் 2015

பாசமும் பயமும் ஒருங்கே பெற்ற நேசம்மாள் அக்காவுக்கு, தம்பி செல்வதாஸ் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் ராகேலும் பிள்ளை ஜினியும் சுகம். என் மூட்டுவலியும் ஒரு குறைவுமில்லாமல் சுகமாக இருக்கிறது. அங்கே நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். கருங்கலுக்கு ஒரு பஸ் ஏறினால் தீருகிற காரியத்துக்குத் தபால் எதற்கு என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள் என்னைப் பேச விட்டதில்லை. தபாலில் கடைசி வரி வரைக்கும் நான் ஒருவனே பேசலாம்.

விஷயம் இதுதான். நாளையோ மறுநாளோ பேப்பரில் ஒரு படம் வரும். கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைத்துக்கொண்டு ஒரு அம்மாள் அதில் நிற்பாள். அது நீங்கள் அல்ல என்று சாதிக்கத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். மனசு கேட்கவில்லை. அக்கா, அது நீங்கள்தான்.

ஜினி வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷமாய் மாடியறையில் என்ன செய்கிறாள் என்று பார்த்த இடத்திலெல்லாம் கேட்டீர்கள். கம்ப்யூட்டரில் ஏதோ என்று மழுப்பினேன். பத்தாம் வகுப்பை ஒன்றுக்கு இரண்டு முறை ஆழ்ந்து படித்தவன், பைப்பும் குழாயும் விற்கிறவன், எனக்கு என்ன தெரியும்? அவள் ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறாள். படம், பாட்டு, கணக்கு எல்லாம் அவள் ஒருத்தியே. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை கொடுக்க ஒரு பெண் சேவலைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறாள். சேவல் கையை விட்டுத் துள்ளி ரப்பர் தோட்டத்திலும் மார்த்தாண்டம் ஜங்ஷன் பஸ்களின் மேலேயும் ஓடும். அதைப் பிடித்து, கோயிலில் கொடுத்து, பிறகு காணிக்கைகளை ஏலம் விடும்போது எல்லோரையும் மிஞ்சிக் கேட்டு அதே சேவலை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வழியில்தான் அந்த அம்மாள். “ஏட்டி, நில்லுட்டி! வேலை என்னாச்சு? கல்யாணம் எப்போ? உனக்க அப்பனுக்க மண்டையில களிமண்ணா?” என்று குடையை நீட்டி மறிப்பாள். சத்தம்கூட அச்சு அசல் உங்களுடையது. முதல்தடவை கேட்டபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இப்படிச் சொந்தமாய் கேம் செய்கிறவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். துணைக்கு நானும் போனேன். அந்தச் சேவலின் ஒரிஜினல் எங்கள் வீட்டில் நிற்கிறதே, அதைக் கூடையில் கொண்டுபோகலாம் என்றேன், பிள்ளை சம்மதிக்கவில்லை. அங்கே உச்சிக்குடுமி வைத்த ஒரு பையன் வந்தான். கொஞ்சநேரம் ஆடிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, “சேவலின் துள்ளல் ஜப்பான்காரன் கேமுடையது, படம் வரைந்த கோடு பெல்ஜியம் படக்கதைகளுடையது, இதில் உன்னுடையது எது?” என்றான். ஜினியின் முகம் செத்துப்போயிற்று. ஓரமாய்க் கூட்டிப்போய்க் கேட்டேன்.

“எடுத்தியா மக்களே?”

“எடுத்தேன்ப்பா. அந்தத் துள்ளலைச் சின்னதிலேயே ஆடி ஆடிப் படிச்சேன். கோடு, நீங்க பஸ்ஸ்டாண்டு பழைய கடையில வாங்கித் தந்த படக்கதைப் புஸ்தகத்துல உள்ளது.”

“அப்போ சேவல்?”

“அது நம்ம சேவல். எப்படி விழுது, எப்படி எழும்புதுன்னு மாசக்கணக்கா வீடியோ எடுத்தேன். போதும்ப்பா, கேமை வாபஸ் வாங்கிட்டு வேலைக்கே போறேன்.”

திருட்டு என்று ஒருவன் சொன்னால் எதிர்த்துப் பேச அவளுக்குத் தெரியாது, இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல எனக்கும் தெரியாது அக்கா. தெரிந்த வித்தை ஒன்றுதான், வருஷா வருஷம் நம் சபையில் நான் விடுகிற ஏலம். ஒருவர் காணிக்கையாய்க் கொடுத்த சேவலை இன்னொருவர் ஏலத்தில் எடுத்து, ‘கோயிலுக்கே இருக்கட்டும்’ என்று திரும்பக் கொடுப்பார், மறுபடி ஏலம். வெயில் உச்சிக்கு வருமுன் நாலு கை மாறும், கைக்குக் கை மதிப்பு கூடும். அது யாருக்கச் சேவல் என்று எவரும் மல்லுக்கு நின்றதில்லை. மேடையில் சும்மா கிடந்த மைக்கை எடுத்தேன்.

“துள்ளல்! ஜப்பான் சரக்கு, ஒருதரம்! எங்க பிள்ளை அதை எங்க வீட்டுச் சேவலுக்கு மாட்டித் தந்திருக்கு, ரெண்டுதரம்! கோடு! பெல்ஜியம் சரக்கு, மார்த்தாண்டம் பஸ்ஸ்டாண்டு வழியா வந்தது! குடை பிடிச்ச அம்மாள்! கருங்கல் சரக்கு, உலகத்துல வேற எங்கயும் கிடைக்காது! எடுக்க ஆளுண்டா?”

ஜினி மேசைக்கு அடியில் போகப் பார்த்தாள். ஆனால் கூட்டம் சிரித்துக்கொண்டே வந்து வரிசையில் நின்றது. குடுமிக்காரன் மறுபடி உட்கார்ந்தான். குடையைத் தாண்ட அவனால் ஆகவில்லை. கல்யாணம் எப்போ என்று அந்த அம்மாள் கேட்கக் கேட்க அவனுக்கு நெற்றி வியர்த்தது. “என் வீட்டிலும் இதே போல் ஒருத்தி உண்டு, ஆனால் எந்த கேமிலும் பார்த்ததில்லை” என்று ஜினியின் கையைக் குலுக்கினான். சாயங்காலம் ‘புதுமை’க்கான பரிசு அவளுக்கு, பேப்பர்காரர்கள் வந்து கேமையும் படம் எடுத்துப்போனார்கள். கேமை அவள் வாபஸ் வாங்கவில்லை.

கேளாமல் உங்களை அதில் சேர்த்ததற்கு மன்னியுங்கள் அக்கா, இனி உங்கள் தயவு. அந்த அம்மாள் வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் எடுத்துவிடச் சொல்கிறேன், எடுத்தால் கேம் உப்பில்லாத மீன்குழம்பு. எனக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. ஜப்பான்காரன் இருக்கிறான், பெல்ஜியத்தான் இருக்கிறான், நீங்கள் இருக்கிறீர்கள், பெற்ற அப்பன் மட்டும் அதில் எங்கேயும் இல்லை. போகட்டும். அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் குடைக்கும் சேர்த்து ஆண்டவர் நீடித்த ஆயுசைத் தருவாராக.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
செல்வதாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை ஜினிக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் கடையில் இருந்த நேரம் நீங்களே மாடிக்கு வந்து அந்தச் சத்தத்தைப் பேசிக் கொடுத்தீர்களாமே! “என்னைச் சட்டுன்னு தோக்க விடாதேட்டி” என்று வேறு சொன்னீர்களாம். அப்படியென்றால் இரண்டு வருஷமாய் என்னைக் கேட்டதெல்லாம் நடிப்பு. மேலே எழுதிய மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். தபால்தலை ஒட்டியாயிற்றே என்றுதான் அனுப்புகிறேன். “அப்போ நான் எங்கே மக்களே?” என்று கேட்டேன். “நேரங்கெட்ட நேரத்துல கூவிட்டு, எதுக்குன்னு தெரியாம துள்ளுறது யாருன்னு நினைச்சியள்? நீங்கதான்ப்பா சேவல்” என்கிறாள். ஏலத்தில் அதைத் திரும்ப எடுத்து வீட்டுக்குக் கொண்டுவராமல் ஆட்டம் முடியாதாம். ஆட்டத்தின் அந்த முடிவை மட்டும் ஜப்பானில் எடுத்தாயா, பெல்ஜியத்தில் எடுத்தாயா என்று நான் கேட்கவில்லை.