சனிக்கிழமைக் கூரை

பிரைடியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரி ஜன்னலோரம். முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வெளியே மூடுபனி. சிக்னல் குன்றையும் காணோம், அதன் உச்சியில் இருக்கும் கோபுரத்தையும் காணோம். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தாள்.

"கோபுரம் தெரியல. உனக்கு வசதியான நாள்," என்றாள்.

"வாய மூடிக்கிட்டு ஜெல்லியச் சாப்பிடு," என்றேன்.

கட்டிய மனைவியிடம் கடைசியாகச் சொல்ல இதைவிட நல்ல வார்த்தைகள் இருக்கத்தான் செய்யும். எனக்கு எதுவும் நேரத்துக்கு வராது.

அந்தக் கிண்டல் பழையது. எங்கே பிறந்தது என்று சொல்கிறேன்.

அவள் அண்ணன் சிரில் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். எனக்கு நெஞ்சுவலி வந்து தேறிய வருஷம், மீன்பிடிப் படகை விற்றுவிடு என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். நானும் விற்றேன். அடுத்த தெரு கஸ்ஸுக்கு. அவன் காசு கொடுக்கவில்லை, நான் படகைக் கொடுக்கவில்லை. அப்படி ஒரு வியாபாரம். வெள்ளைப் படகுக்குப் பச்சை அடித்து அவன் துறையில் கட்டி வைத்தோம்.

எங்கள் ஊரில் கோடையில் சில வாரம், சனி ஞாயிறுகளில், வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஐந்து காட் மீன் பிடித்துக்கொள்ள அரசாங்கம் விடும். அந்தச் சனிக்கிழமைகளில் வீட்டில் உட்காரச் சொன்னால் எனக்கு நெஞ்சுவலி திரும்ப வந்துவிடும். அதனால் ஒரு திட்டம் போட்டேன். மாதா கோயில் மண்டபத்தின் கூரை ஒழுகியது. அதைப் பழுதுபார்க்கப் போகிறேன் என்றேன். புண்ணிய காரியம். தவிர, ஏணியில் ஏறிவந்து சோதிக்கும் மனைவி உலகத்தில் இல்லை.

அடுத்த கோடையில் பிரைடி கோயில் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டாள். ஒத்திகை எப்போது? சனிக்கிழமை. எங்கே? அதே மண்டபத்தில். எனக்கு நேர் கீழே.

முதல் ஒத்திகை அன்றைக்குக் கடலில் எனக்கு மீனே தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் நானே முந்திக்கொண்டேன்.

"பாட்டெல்லாம் எப்படிப் போச்சு?"

"ஏன், மேல இருந்த உனக்குக் கேக்கலையா?"

"கேக்காம என்ன! உன் குரல் தனியாக் கேட்டுச்சு. ஆணி அடிக்கிறத நிறுத்திட்டுக் கேட்டேன்."

"அப்படியா கண்ணு? எந்தப் பாட்டு நல்லாருந்துச்சு?"

"எல்லாமே."

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு போட்டுக்கோ," என்றாள்.

தப்பித்தேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வாராவாரம் பாராட்டினேன். வாராவாரம் மீனும் கொண்டுவந்தேன். கஸ் கொடுத்தான் என்பேன்.

"கஸ் ரொம்பத் தாராளம்," என்பாள் அவள், பன்றிக்கொழுப்பை வாணலியில் உருக்கிக்கொண்டே. "சொந்தப் பொண்டாட்டிக்குத் தலையத்தான் குடுக்கிறானாம். நமக்கு மட்டும் முழு மீன்."

நான் வந்து சேரும்போதெல்லாம் கொழுப்பு சரியான பதத்தில் பொரிந்துகொண்டிருக்கும். எப்படி என்று நான் யோசித்ததே இல்லை. சூடான சாப்பாட்டை யோசிக்கிற ஆண்பிள்ளை யார்?

ஒரே ஒரு ஆபத்து இருந்தது. எங்கள் துறைமுகத்துக்கு வாசல் ஒன்றுதான். இரண்டு பாறைக்குன்றுகளுக்கு நடுவே ஒரு சந்து. இடுக்கு என்போம். கப்பலானாலும் சரி, குளிக்கும் தொட்டியானாலும் சரி, அது வழியாகத்தான் வரவேண்டும், போகவேண்டும். சிக்னல் குன்று அதன் தலைமேலேயே நிற்கிறது. கோபுரத்தில் ஏறி நின்றால் படகில் இருப்பவனின் வழுக்கை தெரியும். அவள் பார்த்தால் படகு போச்சு. படகு மட்டுமா? என் பேச்சை அப்புறம் யார் நம்புவார்கள்?

ஆனால் வெளியூர் விருந்தாளி வந்தால் ஒழிய எங்கள் ஊர்க்காரன் எவனும் குன்றேறமாட்டான். அதை நம்பித்தான் என் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

டொராண்டோவிலிருந்து பிரைடியின் தங்கை லொரெட்டா வந்தாள்.

"அத்தான், குன்றுக்குப் போகணும். மியூசியம் பாக்கணும், மேல ஏறி ஊரு பூரா பாக்கணும்."

"போவோம், போவோம்," என்றேன். வானத்தைப் பார்த்தேன். நீலம். மறுநாளும் நீலம். எனக்கு முழங்கால் வலி வந்தது. அடுத்த நாள் காருக்கு வந்தது. சனிக்கிழமை காலை எழுந்தால், எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. அவ்வளவு பனி.

"கிளம்புங்க!" என்றேன்.

"இந்தப் பனியிலயா?" என்றாள் லொரெட்டா.

"பனியிலதான் அதுக்கு அழகே."

பிரைடி கோட்டை மாட்டினாள். நான் பின்கட்டுக்குப் போய் கஸ்ஸுக்குப் போன் போட்டேன். "டேய், இன்னைக்கு மட்டும் போகாதடா."

"பனியில எவன் பாக்கப்போறான்? நீ கூரையப் பாரு," என்று வைத்துவிட்டான்.

கோபுர வாசலில் சீட்டுக் கொடுக்கும் பெண் பிரைடியைப் பார்த்ததும் சிரித்தாள். "என்னக்கா, இன்னைக்கு இவ்ளோ சீக்கிரம்?"

"என் கூடப் பாடுற பொண்ணு," என்றாள் பிரைடி என்னிடம். சரி என்றேன்.

கீழ்த்தளத்து மியூசியத்தில் பழைய கம்பியில்லாத் தந்திக் கருவிகள், கொடிகள். அந்தக் காலத்தில் எந்த முதலாளியின் கப்பல் வருகிறதோ அவர் கொடியை இங்கே ஏற்றுவார்கள். கீழே கடையில் இருப்பவருக்குச் சரக்கு வருகிறது என்று தெரிந்துவிடும்.

"பாத்தியா லொரெட்டா? ஒருத்தன் இடுக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே ஊருக்குத் தெரிஞ்சுரும்," என்றாள் பிரைடி.

எனக்கு வியர்த்தது. படி ஏறியதால் என்று சொல்லிக்கொண்டேன். அப்போது இன்னும் ஏறவே இல்லை.

மேலே போனோம். வெள்ளை. நாலு பக்கமும் வெள்ளை. கைப்பிடிச் சுவருக்கு அப்பால் உலகமே இல்லை. எனக்கு அதைவிட அழகான காட்சி கிடையாது.

"அய்யோ, ஒண்ணுமே தெரியலயே அத்தான்!"

"அடடா," என்றேன். "கொடுத்து வைக்கல. வாங்க, டீ குடிக்கலாம்."

"இரு, காத்து திரும்பப்போகுது," என்றாள் பிரைடி. "இந்த மூலைக்கு வா லொரெட்டா. இங்க காத்து அடிக்காது."

எந்த மூலையில் காற்று அடிக்காது என்று இவளுக்கு எப்படித் தெரியும்? நான் கேட்பதற்குள் நடுப்பகல் பீரங்கி வெடித்தது. எங்கள் ஊரில் அதைக் கேட்டுத்தான் கடிகாரம் வைப்போம். நான் துள்ளிவிழுந்து நிமிர்ந்தால், பனி திரையை இழுத்தாற்போல் விலகுகிறது. துறைமுகம். வீடுகள். கடல். இடுக்கு. இடுக்கின் நட்டநடுவில் ஒரு பச்சைப் படகு.

"ஐ, அழகா இருக்கே!" என்றாள் லொரெட்டா. "யாருது?"

"யாரோ வெளியூர்க்காரன்," என்றேன், இருவருக்கும் முன்னால் வந்து நின்று.

"தள்ளு," என்றாள் பிரைடி. கைப்பையிலிருந்து பைனாகுலரை எடுத்தாள். தேய்ந்துபோன வார். கண்ணில் வைத்ததும் திருகவே தேவைப்படவில்லை. "கஸ்தான். தனியா வர்றான். லைஃப் ஜாக்கெட் போடல. நீயும்தான் போடறதில்ல."

"நானா? எந்தப் படகுல?"

"அந்தப் படகுலதான். பெயிண்ட் மாத்துனா தெரியாதா? உன்ன மாதிரியே எடப்பக்கம் சாஞ்சுக்கிட்டுப் போகுது."

லொரெட்டா நைசாக மறுபக்கத்துக்குப் போய்விட்டாள்.

"எத்தன நாளா தெரியும்?"

"நீ கூரை போட ஆரம்பிச்ச வருசத்துலருந்து."

"பின்ன ஏன் வாயத் திறக்கல?"

"திறந்தா? வேற ஒரு கூரை கண்டுபிடிப்ப. எனக்குத் தெரியாத கூரை. இதுன்னா இங்க நின்னு பாத்துக்கிட்டாவது இருக்கலாம்." அவள் பைனாகுலரை இறக்கவில்லை. "சிரில் போனப்ப எங்க வீட்ல யாரும் பாத்துக்கிட்டு இல்ல. நீ இடுக்குக்குள்ள நுழைஞ்சதும் நான் எறங்கி வீட்டுக்குப் போய் அடுப்பப் பத்த வைப்பேன்."

என் வாயில் வரக்கூடாத கேள்விதான் வந்தது.

"அப்ப பாட்டு?"

"நீ எத்தன ஆணி அடிச்சியோ, நானும் அத்தன பாட்டுப் பாடியிருக்கேன்," என்றாள். "ஆனா நீ என் குரலப் பத்திச் சொன்னதெல்லாம் நல்லாருந்துச்சு. விடாமச் சொல்லு."

படகு தப்பியது. சிவப்பு லைஃப் ஜாக்கெட் போடவேண்டும், திரும்பும்போது இடுக்கில் கையைத் தூக்கிக் காட்டவேண்டும் என்று உத்தரவு. தூக்கினேன். எத்தனையோ கோடை தூக்கினேன். மேலே ஒரு புள்ளியாக அவள் தெரிவாள். பனி இறங்கிய நாட்களில் மட்டும் தெரியமாட்டாள். அன்றைக்கெல்லாம் வீட்டில் வறுவல் தீய்ந்திருக்கும், இருவரும் அதையே சாப்பிடுவோம்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்து மண்டபத்தில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். மழை. பாதிரியார் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். இத்தனை வருஷம் நான் பழுதுபார்த்த கூரையை ஊரே அண்ணாந்து பார்த்தது. கஸ் இருமினான்.

அடுத்த கோடையில் ஒரு தடவை கடலுக்குப் போனேன். இடுக்கில் கை தானாக எழும்பியது. மேலே வெளியூர்க்காரர்கள் நாலைந்து பேர் பதிலுக்குக் கையசைத்தார்கள். நல்ல ஜனங்கள். கரைக்கு வந்து படகை உண்மையாகவே கஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன்.

மண்டபக் கூரை இன்னும் ஒழுகுகிறது.