வல்லாரையும் என் வெள்ளைக் கோட்டும்

சந்தேகம் எனக்குப் பிறவி வியாதி. பால் பாக்கெட்டைக்கூட மோந்து பார்த்துத்தான் பிரிப்பேன். அப்படிப்பட்ட நான், வெயில் தாங்கும்படி மரபணு மாற்றிய வல்லாரையில் ஆராய்ச்சி செய்தேன். அதில் ஒரு துணுக்கு ஆய்வகத்தை விட்டு வெளியே போனாலும் என் முனைவர் பட்டம் காலி.

ஆய்வகக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நான் ஒருமுறை கொண்டுபோய்க் காலடிப்பேட்டை மொட்டைமாடியில் துவைத்தேன். (கறை! வேறென்ன செய்ய?) துவைத்து முடித்த பிறகுதான் கோட்டுப் பையில் ஒரு வல்லாரைத் தண்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மீதி எங்கே போச்சோ!

அடுத்த மாதம் அக்னி நட்சத்திரம். தெருவில் முருங்கையே வாடி நின்றது. கீழ்வீட்டு ஸ்டெல்லாக்காவின் பெயின்ட் டப்பாவில் மட்டும் வல்லாரை தளதளவென்று கிடந்தது. மாடியிலிருந்து விழுந்த என் தண்டுதான் முளைத்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

மத்தியானம் கையுறை மாட்டி, இடுக்கியால் ஒரு இலையைக் கிள்ளி, கவரில் போட்டுத் தேதி எழுதும்போது கதவு திறந்தது.

"இன்னாடி பண்ணிக்கினு கீற? செய்வினையா?"

"அக்கா, இதைச் சாப்பிட்டீங்களா?"

"மூணு நாளா தொவையல்தான். ஏன், விசமா?"

அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. வேறு வழியில்லாமல் வெயில் தாங்கும் மரபணுவைப் பற்றி விளக்கினேன். (என் வாழ்க்கையின் முதல் கருத்தரங்கு!) ஸ்டெல்லாக்கா யோசித்தார்.

"அப்போ துன்னா நமக்கும் வெயில் தாங்குமா? எங்கூட்டுக்காரரு ஆர்பர்ல கிரேன் மேல வேவுறாரு. அவருக்கு ரெண்டு கட்டு குடேன்!"

அழுதுகொண்டே பேராசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சோதித்துப் பார்த்தால் அது சாதா வல்லாரை. ராயபுரம் மார்க்கெட்டில் வாங்கிய கீரைக்கட்டில் வேரோடு இருந்ததை அக்கா நட்டிருக்கிறார். அது செழித்ததற்குக் காரணம், எங்கள் வீட்டு ஏசி குழாய் அதன் தலையில் நாள் முழுக்கச் சொட்டிய தண்ணீர்.

"செடி மேல தப்பில்லம்மா. கோட்டை யார் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னது?" என்றார் பேராசிரியர். ஆறு மாதம் ஆய்வகத்துக்குள் கால் வைக்க விடவில்லை. பட்டம் ஒரு வருஷம் தாமதமாகத்தான் வந்தது. தேவையா எனக்கு இது?

என் கல்யாணத்தில் ஸ்டெல்லாக்கா என் மாமியார் காதில் முழுக் கதையையும் ஓதிவிட்டார். இன்றைக்கும் கீரை ஆய உட்கார்ந்தால் மாமியார் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்: "ஏம்மா, இது மார்க்கெட்லேர்ந்து வந்ததுதானே? உங்க ஆபீஸ்லேர்ந்து தப்பிச்சு வந்ததில்லையே?"