இக்னேஷியஸின் எடைச்சீட்டு

தொண்ணூற்றொரு கிலோவிலிருந்து எழுபது கிலோவுக்கு வந்து சேர இக்னேஷியஸுக்கு எட்டு மாதம் பிடித்தது. அதொன்றும் அதிசயமில்லை. ஏற்கெனவே மூன்று தடவை இளைத்து, மூன்று தடவையும் மேற்கொண்டு ரெண்டு கிலோ சேர்த்து ஊதியவர் அவர். இளைப்பதில் மனிதருக்கு நல்ல பழக்கம் உண்டு. இளைத்தபடியே இருப்பதுதான் சுட்டுப் போட்டாலும் வராது.

இந்தத் தடவை வில்லிவாக்கத்து டாக்டர் ஒருவர் புதுமாதிரிப் பத்தியம் சொல்லியிருந்தார். சோறு கூடாது. இட்லி, தோசை, சப்பாத்தி கூடாது. சர்க்கரை இருக்கிற திசையில் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஆனால் முட்டை தின்னலாம், மீன் தின்னலாம், கறி தின்னலாம், நெய்கூட ஊற்றிக்கொள்ளலாம். கேட்டதும் இக்னேஷியஸ் டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. பதினைந்தாம் நாள்தான் சங்கதி புரிந்தது. தட்டில் வஞ்சிரம் மீன் குழம்பு இருக்கிறது, பக்கத்தில் சோறு இல்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"செலின், இது பத்தியமா பைத்தியமா?"

"ரெண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். பேசாம துன்னுங்க."

செலின் அவருடைய மனைவி. அம்பத்தூரில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைப்பவள். புருஷன் இளைக்க இளைக்க அவருடைய பேன்ட்டுகளின் இடுப்பையும் பிடித்துக்கொண்டே வந்தாள். எழுபது கிலோவைத் தொட்ட அன்றைக்கு, உள்ளே மடக்கி வைத்திருந்த துணியை ஒரு விரற்கடைகூட விடாமல் கத்தரித்து எறிந்தாள்.

"ஐயையோ! கொஞ்சம் உட்டு வெக்கக் கூடாதா? பின்னால தேவைப்படுமே."

"அதான் வெட்டினேன்."

அவள் கவலை அவளுக்கு. பூந்தமல்லியில் இருக்கிற இக்னேஷியஸின் அண்ணன் பால்ராஜுக்குச் சர்க்கரை முற்றி, காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். வாரம் தவறாமல் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்தவள் செலின்தான். தம்பிக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்திருந்தது. இளைத்தபிறகு டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். ஆனால் ஒரு நிபந்தனை. எழுபத்திரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மறுபடி மாத்திரை, அதற்கும் மேலே போனால் ஊசி. இக்னேஷியஸ் உள்ளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் இதையெல்லாம் செலினிடம்தான் சொல்லியனுப்பினார்.

"எத்தினி நாளைக்கு?" என்று அவளைக் கேட்டார் இக்னேஷியஸ்.

"ஒரு வருஷம்."

ஒரு வருஷமா? பூ! முந்நூற்று அறுபத்தைந்து தாளைக் கிழித்தால் முடிந்தது. முந்நூற்று அறுபத்தாறாம் நாள் பாடிக் கடைத்தெருவில் உட்கார்ந்து பிரியாணி அடிப்பது என்று அங்கேயே தீர்மானம் செய்துகொண்டார்.

செலின் ஒரு சட்டம் போட்டாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்து வரும்போது அம்பத்தூர் ஸ்டேஷனில் இருக்கிற எடை மெஷினில் ஏற வேண்டும். கலர் விளக்கெல்லாம் எரிந்து, சக்கரம் சுற்றி, 'டங்'கென்று விழுகிற சீட்டைக் கொண்டுவந்து அவளிடம் கொடுக்க வேண்டும். முன்பக்கம் எடை, பின்பக்கம் ஜோசியம். அதை அவள் தையல் மெஷின் டிராயரில் ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைப்பாள்.

மூன்று மாதம் சீட்டு சுத்தமாக இருந்தது. எடை தெரிந்தது, இடையும் தெரிந்தது. நாலாவது மாதம் பாடியில் சனி பிடித்தது.

பாடியில்தான் இக்னேஷியஸ் வேலை பார்க்கிற பட்டறை. ஷிப்ட் விட்டு வெளியே வந்தால் எதிரே வேம்புலி என்பவர் புதிதாகப் பரோட்டாக் கடை போட்டிருந்தார். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கல்லில் பரோட்டாவைப் போட்டு, இரண்டு கையாலும் அடித்து, சால்னாவை ஊற்றுவார். அந்த வாசனை லாரிகளையெல்லாம் தாண்டிக்கொண்டு பட்டறை கேட்டுக்கே வந்து ஆளைக் கையைப் பிடித்து இழுக்கும். முதல் நாள் இக்னேஷியஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தார். இரண்டாம் நாள் மூச்சு விட்டார். மூன்றாம் நாள் உட்கார்ந்தார்.

ஒரு வாரத்தில் பேன்ட் ஊக்கு மாட்டவில்லை. ஒரு சேப்டி பின்னைக் குத்திக்கொண்டு சட்டையை வெளியே விட்டுக்கொண்டார். இடுப்பை மறைத்தாயிற்று, சீட்டை எப்படி மறைப்பது? அப்போதுதான் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த துலுக்கானம் கண்ணில் பட்டார். அதே பட்டறையில் கூட வேலை செய்பவர். நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லி ஆள். திருமுல்லைவாயல்காரர்.

"துலுக்கானம், உன் வெயிட்டு இன்னா?"

"எளுபது இருப்பேன். இன்னா அண்ணாத்தே, பொண்ணு கிண்ணு பாக்கிறியா? எனுக்குத்தான் நாகவல்லி கீறாளே!"

"சனிக்கெழம ஒரே ஒரு நிமிசம் அந்த மெஷின்ல எனக்காக ஏறு. உனுக்கு தெனம் ரெண்டு பரோட்டா."

"தெனமா? அண்ணாத்தே, நீ மனுசனே இல்ல, தெய்வம்."

இக்னேஷியஸுக்குத் தன் மூளையை நினைத்துத் தானே முத்தம் கொடுக்கலாம்போல் இருந்தது. சனிக்கிழமை துலுக்கானம் மெஷினில் ஏற, இவர் பிளாட்பாரத்துக் கோடியில் நின்று தெரிந்தவர் யாராவது வருகிறார்களா என்று காவல் காத்தார். சீட்டு எழுபது. பின்பக்கத்து ஜோசியம்: 'தங்களை எவராலும் ஏமாற்ற இயலாது.' செலின் அதை இரண்டு தடவை படித்துவிட்டு டிராயரில் போட்டாள். மறுவாரமும் எழுபதுதான்.

மூன்றாவது வாரம் சீட்டு எழுபத்திரண்டு.

"இன்னாங்க இது?" என்றாள் செலின்.

"மெஷின் பழசாயிடுச்சு."

"சரி. ராத்திரி முட்டையில ஒண்ணு கொறச்சாச்சு."

அடுத்த வாரம் எழுபத்து நாலு. செலின் நெய்யைக் கட்டுப்படுத்தினாள். அதற்கடுத்த வாரம் எழுபத்தாறு. "திங்கக்கெழமையிலேர்ந்து ரயில் வேணாம், பாடியிலேர்ந்து நடந்து வாங்க" என்று சொல்லிவிட்டாள். இப்படியே போனால் டாக்டரிடம் இழுத்துப் போய் ஊசி போடச் சொல்லுவாள் என்று இக்னேஷியஸுக்குக் கிலி பிடித்துவிட்டது. கிலோ ஏறியது துலுக்கானத்துக்கு, கிலி இவருக்கு! இது எந்த ஊர் நியாயம்?

திங்கட்கிழமை கடையில் துலுக்கானத்தைப் பிடித்து உலுக்கினார்.

"யோவ், உனக்கு உடம்பு ஏறுதுய்யா!"

"ஏறாதா பின்ன? தெனம் ரெண்டு பரோட்டா துன்னா, மெஷின் இன்னா மாலையா போடும்?"

"இன்னிலேர்ந்து உனுக்குப் பரோட்டா கெடயாது."

"நல்லா கீதே! நீ மட்டும் பிச்சிப் பிச்சித் துன்னுவே, நான் வாயப் பொளந்துகினு பாக்கணுமா? நீ நிறுத்து, நானும் நிறுத்துறேன்."

"நான் எதுக்குய்யா நிறுத்தணும்? மெஷின்ல ஏறுறது நீதானே?"

"அப்ப நீயே ஏறிக்கோ, அண்ணாத்தே."

கடைசியில் இரண்டு பேருமே பரோட்டாவை நிறுத்தினார்கள். நிறுத்தினால் மட்டும் போதுமா, ஏறியதை இறக்க வேண்டாமா? துலுக்கானத்தை விட்டால் வேறெங்காவது போய்த் தின்றுவிடுவார் என்று சந்தேகம். அதனால் இக்னேஷியஸ் அவரை ஒரு கணம்கூடத் தனியே விடவில்லை. மத்தியானம் துலுக்கானத்தின் சோற்றைப் பிடுங்கி, செலின் கொடுத்தனுப்பிய கீரையையும் மீனையும் பாதி பிட்டு வைத்தார். சாயங்காலம் பாடியிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் கூடவே நடத்திக்கொண்டு வந்தார்.

"கால் வலிக்குது அண்ணாத்தே."

"வாய மூடிக்கினு நட! உடம்பு போச்சுன்னா யாருய்யா பாக்கறது? நாகவல்லி பாவம் இல்லியா?"

கோபம் கோபமாகப் பேசினாரே தவிர, அந்த நடை இக்னேஷியஸுக்குப் பிடித்துப்போயிற்று. எஸ்டேட் ரோட்டில் மரங்கள் இருந்த பக்கமாக நடக்கும்போது காற்று நன்றாக இருந்தது. மாடி ஏறினால் மூச்சு இரைப்பது நின்றிருந்தது. சேப்டி பின் எந்த நாளில் காணாமல் போனது என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அதையெல்லாம் கவனிக்க அவருக்கு எங்கே நேரம்? கவலையெல்லாம் துலுக்கானத்தின் எடை பேரில் இருந்தது. சீட்டு எழுபத்தாறிலேயே மூன்று வாரம் நின்று, பிறகு மனமில்லாமல் எழுபத்தைந்து, எழுபத்து நாலு என்று இறங்கியது.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. பிளாட்பாரத்துக் கோடியில் காவல் நிற்க முடியாமல் இக்னேஷியஸ் கூரைக்குள் ஓடிவந்து மெஷின் பக்கத்திலேயே நின்றார். துலுக்கானம் தோளில் ஒரு துணிப்பையோடு மெஷினில் ஏறினார்.

"பையைக் கீழ வையேன்யா."

"இருக்கட்டும் அண்ணாத்தே, உள்ள துணிதான்."

சொல்லி வாய் மூடவில்லை, பையின் காது அறுந்தது. தடாலென்று ஒரு கருங்கல் விழுந்து பிளாட்பாரத்தில் உருண்டது. இக்னேஷியஸ் குனிந்து பார்த்தார். எங்கேயோ பார்த்த கல். நன்றாகவே பார்த்த கல். அவர் வீட்டு அம்மிக் குழவி.

"துலுக்கானம்! இது எப்பிடிய்யா உன் பையில வந்துது?"

"அக்காதான் குடுத்தாங்க. எனுக்கு இன்னா தெரியும்? மொதல்ல ரெண்டு கிலோ படிக்கல்லு குடுத்தாங்க. அப்பறம் இஸ்திரிப் பொட்டி. அக்கா எம்மா வெயிட்டு தர்றாங்களோ, அதான் அந்த வாரத்துச் சீட்டு. நான் எப்பவும் அதே எளுபதுதான்."

"அடப்பாவி! ரெண்டு பக்கமும் துன்னியா?"

"பரோட்டாவவிட அக்கா மீன் கொளம்பு சூப்பர் அண்ணாத்தே."

இக்னேஷியஸ் துலுக்கானத்தைத் தள்ளிவிட்டுத் தானே மெஷினில் ஏறி, காசைப் போட்டார். ரெண்டரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவருடைய சொந்தச் சீட்டு விழுந்தது. எழுபத்தொன்று. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். எழுபத்தொன்றேதான்.

சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று தெரியாமல் குழவியைக் கையில் தூக்கிக்கொண்டு மழையோடு மழையாக வீட்டுக்கு வந்தார்.

"செலின், இது இன்னா?"

"அப்பாடா, கொண்டாந்துட்டீங்களா? மசாலா அரைக்காம கெடக்குது. குடுங்க."

"எப்பத்திலேர்ந்து தெரியும் உனுக்கு?"

"மொதல் சீட்டுலேர்ந்தே. சீட்டு எழுபதுங்குது, தோய்க்கப் போட்ட பேன்ட்ல பின் குத்தின ஓட்டை கீது. ஸ்டேஷன்ல வந்து ஓரமா நின்னு பாத்தேன். நீங்க அந்தக் கோடியில கழுத்த நீட்டிக்கினு நிக்கிறீங்க, மெஷின்மேல துலுக்கானம். நேரா திருமுல்லைவாயல் போயி நாகவல்லிகிட்ட பேசிட்டேன்."

"என்னையே கேட்டிருக்கலாமே!"

"கேட்டா இன்னா பண்ணியிருப்பீங்க? கோச்சிக்கினு போயி, இன்னும் ரெண்டு பரோட்டா துன்னுட்டு வந்திருப்பீங்க. உங்க உடம்பப் பாத்துக்கங்கன்னு பத்து வருஷமா சொல்றேன், காதுல ஏறல. துலுக்கானம் உடம்புன்னதும் எப்பிடிப் பாத்துக்கினீங்க! கீரையென்ன, நடையென்ன!"

இக்னேஷியஸ் குழவியை நீட்டினார். செலின் இதுவரை சிரித்துக்கொண்டுதான் பேசினாள். ஆனால் குழவியை வாங்கி அம்மிமேல் வைக்கும்போது அவள் குரல் மாறிவிட்டது.

"பெரியத்தான் கால அவுத்து அவுத்துக் கட்டினது இந்தக் கைதாங்க. உங்க காலையும் அப்பிடிக் கட்ட என்னால ஆவாது. எனுக்கு பயமா கீது."

"இனிமே ஏமாத்த மாட்டேன் செலின்" என்றார் இக்னேஷியஸ். இதை அவர் நிஜமாகவே சொன்னார்.

அப்படியே நடந்தும் காட்டினார். மீதி மாதமெல்லாம் அவரே மெஷினில் ஏறினார். எழுபத்தொன்று, எழுபது, மறுபடி எழுபத்தொன்று. வேம்புலி கடையை ஒவ்வொரு நாளும் கடந்து போனார், வாசனையை மட்டும் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கெட்டிதான். ஆனால் அந்த முந்நூற்று அறுபத்தாறாம் நாள் பிரியாணி மட்டும் மனசின் ஒரு மூலையில் ஆவி பறக்கக் காத்திருந்தது. துலுக்கானத்தையும் கூப்பிட்டாகிவிட்டது.

வருஷம் முடிந்த அன்றைக்கு இரண்டு பேரும் வில்லிவாக்கத்துக்குப் போனார்கள். டாக்டர் எடை பார்த்தார், ரத்தம் பார்த்தார், காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பிரமாதம்! மாத்திரை தேவையே இல்லை. இளைச்சவங்களை நிறையப் பார்த்திருக்கேன், இப்படி நிலைச்சவங்களை இப்பத்தான் பார்க்கறேன். எப்படிச் சமாளிச்சீங்க?"

இக்னேஷியஸ் நெஞ்சை நிமிர்த்தினார். "மன உறுதிதான் டாக்டர்." செலின் சீலிங் பேனைப் பார்த்தாள்.

"அப்போ டாக்டர், ஒரு வருஷம் முடிஞ்சுபோச்சு. நாளையிலேர்ந்து நான் சோறு, பரோட்டா, பிரியாணி எல்லாம்..."

"ஒரு வருஷமா? யார் சொன்னது? இது ஆயுசுக்கும்னு அன்னிக்கே உங்க மிஸஸ்கிட்ட தெளிவாச் சொன்னேனே!"

இக்னேஷியஸ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். செலின் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"ஒரேடியா சொன்னா பயந்துடுவீங்கன்னுதாங்க. இன்னா இப்ப, ஒரு வருஷம் ஓடிப்போச்சில்ல? இன்னும் ஒரே ஒரு வருஷம்தான்."