கட்டை விரல் பட்டன்

ஆம்பூர்
14.8.2003

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ரெனால்டுக்கு,

உன் அக்காள் புருஷன் ஜெயகரன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் ஆக்னசும், என் வலது கை ஆள்காட்டி விரல் நீங்கலாக, தேவ கிருபையால் சுகம். காட்பாடியில் நீயும் சுகமாயிருந்து, உன் கம்ப்யூட்டர் கடை ஓங்க ஜெபிக்கிறோம்.

போன மாதம் எங்கள் ஷூ கம்பெனிக்கு வந்து ஐந்து பட்டன் மவுஸ் மாட்டிக் கொடுத்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தோல் வெட்டும் மிஷினுக்கு விரலைக் கொடுத்தவனுக்கு ஆபீசில் எந்தப் பெட்டியில் எத்தனை ஜோடி என்று பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற வேலை கொடுத்தார்கள். நடு விரலும் மடங்காது. இடது கையால் மவுஸைப் பிடித்தால் திரையில் அம்பு ஆலங்காயம் பக்கம் ஓடுகிறது. நீதான் விலாவில் இருக்கிற பட்டனுக்கு இடது பட்டனின் வேலையை மாற்றி, மொட்டை விரல் தெரியாமல் இடித்துவிடக் கூடாதென்று இடது பட்டனை ஒரேயடியாக ஊமையாக்கினாய். கட்டை விரலால் அமுக்கி அமுக்கி ஒரு மாதம் ராஜாவாக இருந்தேன். ஆபீசில் ஒருத்தரிடமும் சங்கதியைச் சொல்லவில்லை. விரல் போனவனுக்குத் தனி மவுஸா என்று கேட்டுவிடுவார்களே என்ற வெட்கம்தான்.

நேற்று எங்கள் ஷூக்களை வாங்குகிற பையர் ஜெர்மனியிலிருந்து வந்தார். பையர் வந்தால் எங்கள் கம்பெனியில் கக்கூசுக்கு பினாயில், வாசலுக்குக் கோலம், அடிபட்ட கைக்கு பாக்கெட். "ஜெயகரன், கைய உள்ள வை, வெளிய எடுக்கவே கூடாது" என்றார் மேனேஜர் கவுஸ் பாஷா. வைத்தேன். பையர் பேக்கிங் லிஸ்டைக் கேட்டார். மேனேஜர் தாமே உட்கார்ந்து இடது பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. குத்தினார், ஊதினார், மவுஸைத் தூக்கித் தன் பேன்ட்டிலேயே துடைத்தார். கணக்குப் பார்க்கும் ஷர்மிளா ஓடிவந்து, "சார், அடியில செவப்பு லைட்டு எரியுது, சூடாயிடுச்சு போல" என்று காகிதத்தால் விசிறினாள். வேறு மவுஸ் மாட்டினார்கள். நீ கம்ப்யூட்டருக்குள்ளே என்னத்தைச் செய்து வைத்தாயோ, அதுவும் ஊமை. "இன்னா ஜெயகரன், நேத்து வரிக்கும் ஓடுச்சே?" என்கிறார் மேனேஜர். கட்டை விரல்னு நான் வாயைத் திறந்தா ஆள்காட்டி விரல் பேச்சு வரும், அது வந்தா பாக்கெட் பேச்சு வரும், பையர் வேற பக்கத்துலயே நிக்கிறாரு, நான் இன்னாடா பண்ணுவேன்? "தெரிலங்க சார்"னு கல்லு மாதிரி நின்னேன். அரை மணி பாத்துட்டு பையர் லாட்ஜுக்குப் போய்ட்டாரு. "திங்கக்கெழமலேர்ந்து நீ கேட்ல நில்லு, இந்த சீட்டுக்கு ஷர்மிளா வரட்டும்"னுட்டாரு மேனேஜர். பதினெட்டு வருஷம் உழைச்சவன்டா நான். வீட்டுக்கு வந்து உங்க அக்காகிட்ட சொல்லி அழுதுட்டேன்.

ஆகவே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புறப்பட்டு வந்து, பட்டன்களையெல்லாம் உலக வழக்கப்படி மாற்றிக் கொடுத்துவிடு. ஷர்மிளாவாவது நிம்மதியாக வேலை பார்க்கட்டும். கேட்டில் நிற்க விரல் தேவையில்லை.

உனக்கும் உன் மனைவி கரோலினுக்கும் கர்த்தர் குறைவில்லாத சமாதானம் அருள்வாராக.

இப்படிக்கு,
ஜெயகரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மேனேஜர் ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்துவிட்டார். லிஸ்டைப் பார்க்காமல் பையர் ஆர்டரில் கையெழுத்துப் போட மாட்டாராம். இத்தனை நாள் ஓட்டியவன் நீதானே, வந்து எடுத்துக் கொடு என்றார். போனேன். பையர் பார்க்கப் பார்க்க பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தேன். கட்டை விரலால் ஆறே அமுக்கு, லிஸ்ட் வந்துவிட்டது. பையர் லிஸ்டை விட்டுவிட்டு என் கையையே பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். மேனேஜர் முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிட்டேன், எந்த மிஷின், எந்தத் தேதி என்று. இனி லிஸ்டை இவரே அனுப்பட்டும் என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். "கேட்டுக்கு வேற ஆளப் பாத்துக்கறேம்பா" என்கிறார் மேனேஜர். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வா. பட்டன் பக்கம் போகாதே. என் பேன்ட்டுகளின் வலது பாக்கெட்டையெல்லாம் உன் அக்காள் இப்போது உட்கார்ந்து தைத்து மூடிக்கொண்டிருக்கிறாள்.