முருங்கைக்காய்ப் பெட்டிக்குள் ஹன்னா

பிள்ளைகளே, பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் பெட்டியரைப் போலச் சந்தேகிக்கப்பட்ட மனிதர் இன்னொருவர் இருந்ததில்லை. சீட்டுப் பிடித்துவிட்டு ஓடியவன், பழைய மீனை அன்று பிடித்த மீன் என்று விற்றவன் எல்லாரும் இந்தத் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறார்கள். பெட்டியர் கடைக்குள் கால் வைத்தால் மட்டும் எல்லாருடைய கதையும் நின்றுவிடும். அவர் செய்த குற்றம் ஒன்றுதான். கேள்வி கேட்பார்.

அதுவும் என்ன கேள்வி! "தம்பி, நீர் இஞ்சை வரேக்கை வழியிலை முதல் என்னத்தை எறிஞ்சனீர்?"

நாங்கள் வந்த வழியைப் பற்றி யாராவது கேட்டால் எங்களுக்குப் பயம். அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் கேட்ட கேள்விகள் அப்படி. அந்தப் பயம் விசா கிடைத்த பிறகும் போகாது. சலூன் வைத்திருந்த அண்ணை ஒருவர், பெட்டியர் வாயைத் திறந்ததுமே தன் முழுப்பெயர், பிறந்த திகதி, தாயின் பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு, "காணுமோ சேர்?" என்று கேட்டார். பெட்டியர் முடிவெட்டத்தான் போயிருந்தார்.

இலங்கைத் தூதரகத்தின் ஆள் என்றார்கள் சிலர். நான் வேலை செய்த பலசரக்குக் கடையின் முதலாளி, "வருமானவரிக்காரன். நடையைப் பார், கணக்குப் பார்க்கிற நடை" என்றார். எனக்கு எது உண்மை என்று தெரியவில்லை. அதனால் இரண்டையும் நம்பினேன்.

அவர் உண்மையில் ஊரில் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பித்தவர். பாரிசுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் சூடு தேடி ஒரு நூலகத்துக்குள் நுழைந்தாராம். கையில் அகப்பட்ட ஒரு பழைய புத்தகத்தில் ஹன்னா என்ற பெண்ணைப் பற்றி நாலு வரி இருந்தது. மோர்மன் என்று ஒரு சமயம் இருக்கிறது. அமெரிக்காவில் தொடங்கியது. அந்தச் சமயத்தின் முன்னோடிகள் குடியேற இடம் தேடி மேற்கே நெடுந்தூரம் போனார்கள். மாட்டுவண்டிக்கு வசதியில்லாதவர்கள் கைவண்டியில் சாமானை ஏற்றித் தாங்களே இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஹன்னாவும் அப்படி இழுத்தவள். இழுக்க முடியாமல் போனபோது பாரத்தை வழியில் எறிந்தாள் என்று அந்தப் புத்தகம் சொன்னது. என்னத்தை எறிந்தாள் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து பெட்டியருக்கு அதே வேலை. ஹன்னாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவதற்காக அமெரிக்காவுக்கு எழுதி எழுதிப் பிரதிகள் எடுப்பித்தார். கடைகளில் கழித்துவிடும் முருங்கைக்காய்ப் பெட்டிகளில் அவற்றை அடுக்கினார். பெட்டியர் என்ற பெயர் அப்படி வந்தது.

வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வீடுவீடாய்க் கதவு தட்டும் இரண்டு மோர்மன் பெடியன்களை ஒருநாள் அவர் தன் அறைக்குள் கூப்பிட்டார். மற்றவர்கள் அவர்களுக்குக் கதவு திறப்பதில்லை. இவர் திறந்தார், தேத்தண்ணி கொடுத்தார், பிறகு பின்னேரம்வரை எழும்பவிடவில்லை. அவர்களுடைய பூட்டன்மார் எந்த வண்டியில் வந்தார்கள், சில்லு மரமா இரும்பா என்று துளைத்தெடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பெடியன்கள் தூரத்தில் பெட்டியரைக் கண்டாலே தெருவின் மற்றப்பக்கம் மாறி நடந்தார்கள்.

எங்கள் தேர்த்திருவிழாவுக்கும் வருவார். எல்லாரும் சாமியைக் கும்பிட, இவர் அளவுநாடாவோடு தேர்ச்சில்லுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். வடம் இழுத்துக் களைத்து வருகிறவரை மறித்து, "தோளிலை எந்த இடம் நோகுது?" என்று கேட்பார். அரோகரா சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிற்பார்.

ஆறாம் மாடியில் அவருடைய அறை சின்னது. பெட்டிகள் நிறைந்ததும் எங்கள் கடையின் நிலக்கீழ் அறையில் வைக்கலாமா என்று கேட்டார். முதலாளி உடனே ஓம் என்றதும் நான் திகைத்துப் போனேன். அவர் என் காதுக்குள், "சந்தேகமான ஆளின்ரை சாமான் எங்கடை கண்ணுக்கு முன்னாலை கிடக்கோணும்" என்றார்.

அப்படிக் கண்ணுக்கு முன்னால் கிடந்த பெட்டி ஒன்றை, அரிசி எடுக்கப் போன நான் ஒருநாள் வாசித்தேன். தடித்த எழுத்தில், தமிழில், "மூன்று பேரைப் புதைத்த இடம்" என்று எழுதியிருந்தது. அரிசியை விட்டுவிட்டு மேலே ஓடி வந்தேன். முதலாளி கடைக் கதவை அரைவாசி சாத்தினார். பெட்டியர் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "சேர், ஆர் அந்த மூண்டு பேர்?" என்று கேட்டார்.

பெட்டியரின் முகம் வாடியது. "ரெண்டு கிழவர், ஒரு குழந்தை. சரியான பனி. கிடங்கு வெட்டினது ஹன்னா."

முதலாளி அரிசி மூட்டையில் இருந்துவிட்டார். அந்த ஹன்னா செத்து நூறு வருசத்துக்கு மேலாகிவிட்டது என்று விளங்கவைக்க அவருக்கு இரண்டு தேத்தண்ணி கொடுக்க வேண்டியதாயிற்று. அதைக் குடித்து முடித்த பிறகும், "எண்டாலும் ஒரு கண் வைச்சிரும்" என்று என்னிடம் சொன்னார்.

பிறகு பெட்டியருக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. லண்டனில் இருந்த மகள் தன்னோடு வரச் சொன்னாள். வீட்டில் பெட்டிகளுக்கு இடமில்லை என்றும் சொன்னாள். பாரிசில் ஒரு நூலகம் அந்த ஆய்வுத் தாள்களை வாங்கிப் பாதுகாக்கச் சம்மதித்தது. ஆனால் தாள்கள் முழுமையாக வேண்டும், குறை இருந்தால் எடுக்க மாட்டோம் என்றார்கள். எடுக்காவிட்டால் குப்பைதான். வெள்ளிக்கிழமை பெட்டிகளை ஏற்ற அவர்களுடைய வான் வருவதாக இருந்தது.

வியாழக்கிழமை பார்த்தால் இரண்டு பெட்டிகளைக் காணவில்லை.

இவ்வளவு காலமும் நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டோம். அன்று அவர் எங்களைச் சந்தேகப்பட்டார். முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியும். ஆரோ என்ரை ஹன்னாவைத் தங்கடை பேரிலை எழுதப் போறாங்கள்" என்றார். முதலாளி, "சேர், நான் என்ரை பேரையே நேரா எழுத மாட்டன்" என்று சத்தியம் செய்தார். பெட்டியர் நம்பவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தார்.

அப்போது எங்கள் வான் சாரதி எனக்குத் தொலைபேசி எடுத்தான். பாரிசுக்கு வெளியே கார்ஜில், பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டுச் சமையலுக்கு மரக்கறி கொண்டு போயிருந்தவன். "அண்ணை, இஞ்சை சாம்பாருக்கு முருங்கைக்காய்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளுக்கை முழுக்கக் கடதாசி. சமைக்கிற அன்ரிமார் என்னைக் கொல்லுறாங்கள்."

பெட்டியரைக் கூட்டிக்கொண்டு ரயிலில் கார்ஜுக்குப் போனேன். கூடவே உண்மையான முருங்கைக்காய்ப் பெட்டி ஒன்றும். வழியில் நான் தூக்கிவந்த அந்தப் பெட்டியையும் அவர் இரண்டு தரம் திறந்து பார்த்தார்.

மண்டபத்துச் சமையலறையில் நாலைந்து பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளில் இருந்து ஒரு தாளும் வெளியே போகவில்லை. ஆனால் மேலே இருந்த தாள்கட்டை ஒருவர் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பெட்டியர் தமிழில் எழுதிய குறிப்புகள் அவை. எங்களைக் கண்டதும் வாசித்த பெண் கேட்டார்:

"சேர், இதை எழுதினது நீங்கள்தானோ? அந்த மனிசி என்னத்தை எறிஞ்சதெண்டு கடைசி வரைக்கும் எழுதேல்லையே?"

"தெரியாது அம்மா. தெரியாமல் எப்பிடி எழுதுறது?"

"இதிலை என்ன தெரியாமல் கிடக்கு? நான் மிக்சியைத் தூக்கிக்கொண்டு வந்து பாதி வழியிலை விட்டனான். இஞ்சை வந்து பார்த்தால் மூடி மட்டும் பையுக்கை கிடக்கு."

இன்னொருவர், கலியாணப் பட அல்பத்தை எறிந்துவிட்டு மின்சாரக் கட்டணத் துண்டைக் கவனமாகக் கொண்டுவந்ததாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். வெங்காயம் என்றபடியால் யாருடைய கண்ணீர் எதற்கென்று தெரியவில்லை. பெட்டியர் எழுதவில்லை. பேனையை எடுக்கவேயில்லை. ஒரு முக்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டது அன்று ஒருநாள்தான்.

நான் சொன்னேன். "மிளகாய்த்தூள், சேர். அம்மா வறுத்து இடிச்சுத் தந்தது. எல்லையிலை நாய் மணந்து பிடிச்சிடுமெண்டு எங்களைக் களவாய்க் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எறியச் சொன்னவன்."

"பிறகு?"

"எறிஞ்சிட்டுக் கையைப் பனியிலை கழுவினனான். மணம் போகேல்லை."

அவர், "ஹன்னாவும் இப்பிடி ஏதோ ஒண்டைத்தான் எறிஞ்சிருப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை நூலகத்து வான் வந்தது. பெட்டிகளை எண்ணிய மதாம் இரண்டை மட்டும் திரும்பத் திரும்ப மணந்து பார்த்தார். வெங்காயம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒன்றும் குறையவில்லை, எடுத்துக்கொண்டார்கள்.

லண்டனில் அவரால் அந்தப் புத்தகத்தை முடிக்க முடியவில்லை. ஹன்னாவை வழியிலேயே விட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார்.

எப்போதாவது லீவு கிடைத்தால் நான் அந்த நூலகத்துக்குப் போவேன். மனிதர்களை அவ்வளவு இலேசில் நம்புகிறவன் இல்லை நான். பெட்டிகள் பத்திரமா என்று பார்க்க வேண்டும். இப்போது தாள்கள் எல்லாம் சாம்பல்நிற அழகான பெட்டிகளில் இருக்கின்றன. அநேகமானவை ஆங்கிலம், எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொன்றாய்ப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். போனமுறை மேசையில் இருந்த பெண்ணுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆய்வாளரா என்று கேட்டாள்.

"இல்லை மதாம்," என்றேன். "சொந்தக்காரன்."